சிவப்பு விளக்கு எரிந்தால் என்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

காய்ச்சல் என்று போனால் டாக்டர் முதலில் என்ன செய்கிறார்? தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். தலை சுற்றுகிறது என்றால், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தத்தை அளக்கிறார். அளந்து பார்க்காமல், "ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், நாம் எழுந்து வந்து விடுவோம்.

ஆனால், வண்டிக்கு மட்டும் அதை அனுமதிக்கிறோம்!

பழைய வண்டி. டிரைவருக்கு முன்னால் எண்ணெய்க் கெண்டி போன்ற ஒரு சின்னப் படம் சிவப்பாக எரிகிறது. ஆயில் அழுத்தம் குறைந்து விட்டது என்பது அதன் பொருள். உடனே இரண்டில் ஒரு யோசனை வருகிறது. ஒன்று, "கெட்டியான ஆயிலாக ஊற்றுங்கள், சரியாகி விடும்". மற்றொன்று, "என்ஜின் போய் விட்டது, பிரிக்க வேண்டும்".

முதல் யோசனையால் நோய் மறைகிறது. இரண்டாவது யோசனையால் பணம் மறைகிறது. அளந்து பார்ப்பதற்கு முன்னால் இரண்டையும் ஏற்கக்கூடாது என்பதே என் கருத்து.

இது வண்டி வைத்திருப்பவர் கவலை மட்டும் அல்ல. ஒரு சின்ன சரக்கு வண்டியை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. வண்டி பட்டறையில் நின்றால், அன்றைய வாடகை இல்லை. மாதத் தவணை மட்டும் நிற்காது. பள்ளிக்கூடச் சம்பளமும் நிற்காது. அதனால் வீட்டில் உள்ள எல்லோரும் இதைத் தெரிந்து கொள்வது நல்லது.

மதுக்கரைப் புழுதி

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதனால் சிமெண்ட் ஆலை வந்தது. ஆலை வந்ததால் லாரிகள் வந்தன. லாரிகள் வந்ததால் பட்டறைகள் வந்தன. பாலக்காட்டுச் சாலை ஊரை ஒட்டியே போகிறது. எட்டிமடை, வாளையார் தாண்டினால் கேரளம்.

மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே இடைவெளி விட்டிருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாதம் அந்த வழியே காற்று எப்படி அடிக்கும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். காற்றோடு புழுதியும் வரும்.

என்ஜினுக்கு இந்தப் புழுதி பெரிய பகை. சுண்ணாம்புத் தூளைவிடச் சாலைப் புழுதியில் உள்ள மணல் துகள் கடினமானது. ஏர் பில்டர் கிழிந்திருந்தாலும், அதன் குழாய் தளர்ந்திருந்தாலும் அந்தத் துகள் உள்ளே போகும். ஆயிலோடு கலக்கும். உப்புத்தாள் தேய்ப்பதுபோல பிஸ்டன் வளையத்தையும் பேரிங்கையும் தேய்க்கும்.

ஆயில் அழுத்தக் குறைவு ஒரே நாளில் வருவது இல்லை. பல ஆண்டு கவனக்குறைவு ஒரு நாள் விளக்காக எரிகிறது.

பம்புசெட் தெரிந்தால் இதுவும் தெரியும்

ஆயில் அழுத்தம் என்றால் என்ன? கொங்கு நாட்டில் இதை விளக்குவது சுலபம். பைகாரா மின்சாரம் 1930-களில் வந்த பிறகு, இங்கே கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் வைத்தார்கள். பம்பு தெரியாத வீடு இங்கே குறைவு.

என்ஜினும் ஒரு தோட்டம்தான். அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிக்கு சம்ப் என்று பெயர். அதுதான் கிணறு. ஆயிலை உறிஞ்சும் இடத்தில் ஒரு வலை இருக்கிறது. அது புட்வால்வில் உள்ள சல்லடை மாதிரி. ஆயில் பம்பு என்பது பம்புசெட். அங்கிருந்து வாய்க்கால் போலத் துவாரங்கள் வழியாக ஆயில் ஒவ்வொரு பேரிங்குக்கும் பாய்கிறது. அழுத்தம் அளவுக்கு மேல் போனால், ரிலீப் வால்வு என்ற சிறு மடை திறந்து, மிச்ச ஆயிலைச் சம்பிலேயே விட்டு விடும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். குழாயில் ஓஸ் மாட்டித் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் காலடியில் விழும். ஓஸ் வாயைக் கட்டை விரலால் பாதி மூடுங்கள். தண்ணீர் தூரப் பாயும். ஓஸுக்குள் அழுத்தம் ஏறி விட்டது!

பம்பு ஆயிலைத் தள்ளுகிறது. அது வெளியேறும் இடுக்கு குறுகலாக இருந்தால்தான் அழுத்தம் நிற்கும். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடுக்கு எவ்வளவு தெரியுமா? பல என்ஜின்களில் ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்குதான்! தலைமுடியின் கனம் இருக்கும், அவ்வளவே. பேரிங் தேய்ந்து இடுக்கு அகலமானால், ஓஸ் வாயிலிருந்து விரலை எடுத்த கதைதான்.

ஆகவே, அழுத்தம் குறைய ஒரே காரணம் இல்லை. கிணற்றில் தண்ணீர் குறைந்திருக்கலாம். சல்லடை அடைத்திருக்கலாம். பம்பு தேய்ந்திருக்கலாம். மடை மூடாமல் சிக்கியிருக்கலாம். கடைமடையில் உடைப்பு இருக்கலாம். தோட்டத்தில் தண்ணீர் வரவில்லை என்றால், உடனே புதுக் கிணறா வெட்டுகிறோம்? முதலில் கிணற்றை எட்டிப் பார்க்கிறோம் அல்லவா?

மரக்கட்டை சொன்ன பாடம்

1883-ம் ஆண்டு இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற என்ஜினீயர், ரெயில் அச்சுகளின் பேரிங் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்புறத்தில் ஒரு துளை போட்டார். என்ன நடந்தது? விட்ட எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியாக வெளியே வந்தது!

தக்கையால் அடைத்தார். தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டை செருகினார். அதையும் தள்ளிவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் இன்னும் பெரிய கட்டையைத் தேடியிருப்பார். டவர் அப்படிச் செய்யவில்லை. துளையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். முள் 200 பவுண்டைத் தாண்டி ஓடியது. அந்தக் கேஜில் அதற்கு மேல் அளக்க இடமே இல்லை!

அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. சுழலும் தண்டு, எண்ணெயை இழுத்துத் தனக்கு அடியில் மெத்தை போலப் பரப்பிக் கொள்கிறது. பாரம் முழுவதும் அந்த எண்ணெய் மெத்தையின் மேல் மிதக்கிறது. இரும்பும் இரும்பும் தொடுவதே இல்லை. 1886-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார்.

இன்றைய என்ஜினிலும் அதே மெத்தைதான். அந்த மெத்தைக்கு ஆயில் தவறாமல் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் ஆயில் அழுத்தம் காட்டுகிறது. ஆயில் போய்ச் சேராவிட்டால் மெத்தை கிழியும். இரும்பு இரும்பை உரசும். சில நிமிடங்களில் பேரிங் உருகித் தண்டைப் பிடித்துக் கொள்ளும். அதைத்தான் "என்ஜின் ஜாம் ஆகி விட்டது" என்கிறோம்.

எட்டிப் பார்க்க வேண்டிய வரிசை

விளக்கு எரிந்தால் முதல் வேலை, வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துவது. "அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய் விடலாம்" என்ற எண்ணமே வேண்டாம். பல வண்டிகளில் அழுத்தம் 5, 7 பவுண்டுக்குக் கீழே போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். விளக்கு முன்கூட்டி எச்சரிப்பது இல்லை. தாமதமாகத்தான் எச்சரிக்கிறது.

இரண்டாவது, ஆயில் அளவு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள். அளவுக் கம்பியை உருவித் துடையுங்கள். மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், பாதி மர்மம் அங்கேயே விடிந்தது. வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ மட்டும் விளக்கு மின்னுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குறைந்த ஆயில் எங்கே போனது? வண்டி நின்ற இடத்தில் தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா? புகை நீலமாக வருகிறதா? தரையில் சொட்டினால் கசிவு. நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது.

மூன்றாவது, ஆயிலின் முகம். விரலில் தொட்டுப் பாருங்கள். ஆயில் மட்டம் தானாக உயர்ந்து, பெட்ரோல், டீசல் வாடை அடித்தால், எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்து விட்டது. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெயிலில் காட்டும்போது ஜிகினாபோல மின்னினால், அது தேய்ந்த உலோகம். இந்த மூன்றில் எதுவானாலும் வண்டியை ஓட்டாதீர்கள்.

நான்காவது, விளக்கின் வயரும் சுவிட்சும். சாவியைத் திருப்பியதும், என்ஜின் கிளம்பும் முன் அந்த விளக்கு எரிய வேண்டும். கிளம்பியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லை என்றால் விளக்கே வேலை செய்யவில்லை. எப்போதும் எரிந்தால், என்ஜினில் உள்ள சிறு சுவிட்ச் கெட்டிருக்கலாம். அந்தச் சின்னச் சாமான் கெட்டதற்காக என்ஜினைப் பிரித்தால் அது அநியாயம் இல்லையா?

ஐந்தாவதுதான் முக்கியமானது. கேஜ்!

கேஜ் பேசும்

அந்தச் சுவிட்சைக் கழற்றி, அதே துவாரத்தில் குழாயோடு கூடிய முள் கேஜை மாட்டலாம். டயருக்குக் காற்று 30 பவுண்டு என்கிறோமே, அதே கணக்குத்தான். ஒரு சின்ன சரக்கு வண்டிக்கு ஒரு தடவை ஆயில் மாற்றும் செலவுக்குள் கேஜ் கிடைத்து விடும். மாட்ட அதிக நேரம் ஆகாது.

என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை பாருங்கள். நன்றாக ஓடிச் சூடேறிய பின், சும்மா நிற்கும் வேகத்தில் ஒரு தடவை பாருங்கள். பிறகு ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றையும் தாளில் எழுதுங்கள். நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சுமார் 10 பவுண்டு இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. ஆனால், கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது.

முள் நல்ல அளவைக் காட்டுகிறது, விளக்கு மட்டும் எரிகிறது என்றால், கோளாறு சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது.

குளிரில் நன்றாக இருந்து, சூடேறியதும் சும்மா நிற்கும்போது மட்டும் விழுகிறது, வேகம் கொடுத்தால் ஏறுகிறது என்றால், ஆயில் நீர்த்திருக்கிறது அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. சரியான ஆயிலை மாற்றி மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

வேகம் கொடுத்தும் முள் ஏறவில்லை என்றால், பம்பு, ரிலீப் வால்வு, உறிஞ்சும் குழாய் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது நன்றாக இருந்து, வேகமாக ஓட ஓடக் குறைகிறது என்றால், சம்புக்குள் இருக்கும் சல்லடையில் கசடு அடைத்திருக்கலாம்.

அடியிலிருந்து 'தொம், தொம்' என்று கனத்த சத்தமும் சேர்ந்து வந்தால், பேரிங் போய்க் கொண்டிருக்கிறது. அங்கே தாமதம் கூடாது.

இதற்குப் பிறகும் முழு என்ஜினையும் கழற்றத் தேவை இல்லாமல் போகலாம். பல வண்டிகளில் சம்பை மட்டும் இறக்கலாம். சல்லடையையும் பம்பையும் பார்க்கலாம். ஒரு பேரிங் மூடியைக் கழற்றி, நசுங்கும் பிளாஸ்டிக் நூலை வைத்து, மூடியை இறுக்கித் திறந்தால், இடுக்கு எவ்வளவு என்று தெரிந்து விடும். அந்த அளவு கெட்டிருந்தால்தான் கிராங்கை லேத் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

கெட்டி ஆயில் மாயம்

பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

"ஏனுங்கண்ணா, லைட்டு எரியுதுங்க. என்ன பண்றதுங்க?"

"அட, இதுக்கெல்லாம் பயப்படாதே தம்பி. கெட்டி ஆயிலா ஊத்தி உடறேன். லைட்டு அணைஞ்சுக்கும்."

விளக்கு அணைவது உண்மைதான். கெட்டியான ஆயில் அகன்ற இடுக்கில் மெதுவாகத்தான் வடியும். அதனால் முள் கொஞ்சம் ஏறும். ஆனால், பேரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். பம்பு கெட்டது கெட்டதுதான்.

இன்னொரு தீமையும் உண்டு. காலையில் என்ஜினைக் கிளப்பும்போது கெட்டி ஆயில் மேலே ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். மார்கழிக் குளிரில் இது இன்னும் மோசம்.

கம்பெனிப் புத்தகமே பழைய என்ஜினுக்கு அல்லது வெயில் ஊருக்குச் சற்றுக் கெட்டியான ரகத்தை அனுமதித்தால், தாராளமாக ஊற்றலாம். அது வைத்தியம். புத்தகத்தைப் பாராமல், விளக்கை அணைப்பதற்காக ஊற்றினால், அது மூடி மறைப்பது.

அதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. விளக்கின் வயரையே கழற்றி விடுவது! நாய் குரைக்கிறது என்று நாயை அடித்து விரட்டினால், திருடன் போய் விடுவானா?

"என் காது போதும்" என்பவர்களுக்கு

இதற்கு அனுபவசாலிகள் மறுப்புச் சொல்வார்கள். "முப்பது வருஷமாக என்ஜின் பார்க்கிறேன். சத்தத்தைக் கேட்டே சொல்லி விடுவேன். கேஜ் எதற்கு?" என்பார்கள்.

அவர்கள் அனுபவத்தை நான் மதிக்கிறேன். கோவை வட்டாரப் பட்டறைக்காரர்களின் கைத்திறன் சாதாரணமானது அல்ல. ஆனால், காதுக்குப் பேரிங் சத்தம் கேட்கும்போது பேரிங் ஏற்கனவே கெட்டிருக்கும். கேஜ் அதற்கு முன்பே சொல்லும். காதும் கேஜும் போட்டியாளர்கள் அல்ல. முள் விழுகிறது என்று கேஜ் சொல்லும். ஏன் விழுகிறது என்று அனுபவம் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் நல்ல வைத்தியம்.

வண்டிக்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். "பழைய வண்டி. இதற்குப் போய் இவ்வளவு பார்க்க வேண்டுமா? கிடக்கட்டும், ஓடுகிற வரை ஓடட்டும்" என்பார்கள்.

வண்டிக்கு வயதானதே நோய் ஆகி விடாது. கோவை அவினாசி சாலையில், ஜி.டி.நாயுடு பெயரை நினைவூட்டும் கார் மியூசியம் இருக்கிறது. அங்கே நிற்கும் பழைய கார்களைப் பாருங்கள். கவனித்தால் இரும்பு எத்தனை காலம் நிற்கும் என்பது புரியும். நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கினார். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு, அந்த ஒரு வண்டி நின்றால் எல்லாமே நின்று விடும். ஒற்றை வண்டிக்காரர்தான் முதலில் கேஜ் வாங்க வேண்டும்.

பழைய வண்டிகளை உடைத்து இரும்பாக்க மத்திய அரசு 2021 ஆகஸ்டில் ஒரு கொள்கையைத் தொடங்கியது. என்ஜின் முழுவதும் தேய்ந்து, செலவு வண்டியின் விலையைத் தாண்டினால், அதை உடைக்கக் கொடுப்பதில் வெட்கம் இல்லை. ஆனால், அந்த முடிவையும் அளந்து பார்த்து எடுக்க வேண்டும். சல்லடை அடைத்த வண்டியை இரும்பு விலைக்குப் போடக்கூடாது. செத்த என்ஜினுக்குக் கடன் வாங்கிக் கொட்டவும் கூடாது.

பழைய வண்டி வாங்குபவர்களே!

உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காலையில் போய்க் குளிர்ந்த என்ஜினைக் கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். எந்த என்ஜினும் அப்போது நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும்.

சாவியைத் திருப்பி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். முப்பது நிமிடமாவது ஓட்டுங்கள். நிறுத்தி, என்ஜினைச் சும்மா ஓட விட்டு, விளக்கை மறுபடி பாருங்கள். முடிந்தால் உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போய்க் கேஜ் மாட்டிப் பாருங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே ஒரு பதில்.

மூன்று வேண்டுகோள்

பட்டறை நடத்துபவர்களுக்கு ஒன்று. சுவரில் சாமி படம் இருப்பதுபோல, பெட்டியில் ஒரு ஆயில் கேஜ் இருக்கட்டும். பிரிப்பதற்கு முன் வண்டிக்காரரைப் பக்கத்தில் அழைத்து முள்ளைக் காட்டுங்கள். முள்ளைப் பார்த்தவர் கூலி கொடுக்கத் தயங்க மாட்டார். உங்கள் மேல் சந்தேகமும் வராது.

வண்டிக்காரர்களுக்கு ஒன்று. வாரம் ஒரு நாள் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், கேஜ் காட்டிய அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மலை ஏறி இறங்கி வந்தால், புழுதியில் வேலை செய்து வந்தால், ஏர் பில்டரைத் திறந்து பாருங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாரத்தோடு அதில் ஏறிய என்ஜினின் ஆயில் எவ்வளவு சூடு கண்டிருக்கும்!

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பால் கணக்கு எழுதும் நோட்டில் வண்டிக் கணக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். "ஆயில் பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த நோட்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். கம்பியில் உள்ள இரண்டு கோடுகளைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

பட்டறையில், "என்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்று சொன்னால், கோபப்பட வேண்டாம். சண்டை போட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"கேஜ் எவ்வளவு காட்டுதுங்க?"

பதில் வந்த பிறகு ஸ்பேனரை எடுக்கட்டும்.